டிக்கியில் பதிந்த கட்டைவிரல்

“சக்கரம் மட்டும்தான் மாட்டச் சொன்னாங்க, மாஸ்டர். நான் காரையே புதுசாக்கி வெச்சேன். பார்த்துட்டு அழறாங்க. நான் பண்ணினதுல என்ன தப்பு?”

கேட்டவர் சென்னியப்பன். வயது அறுபது.

மாஸ்டர் என்று அவர் கூப்பிட்டது பிலோமினாவை. அவருக்கு முப்பத்துநாலு.

பிலோமினா கையிலிருந்த பிரஷ்ஷைத் தின்னரில் போட்டார். விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“கார் எங்க?”

“கொண்டுபோகல. மேஜை மேலயே வெச்சுட்டுப் போயிட்டாங்க.”

*

கோயம்புத்தூர் ராம்நகரில், ஒரு டயர்க் கடைக்கு மேலே, பிலோமினா பல்செட் செய்யும் அறை வைத்திருந்தார். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர் பல் செய்து அனுப்புவார்.

ஞாயிற்றுக்கிழமை பல் வேலை கிடையாது. அன்றைக்கு அதே மேஜையில் பிளாஸ்டிக் கார்கள் வந்து உட்காரும். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய கார்கள். பெட்டிக்குள் துண்டு துண்டாக வருவதை வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, நிஜக் கார் மாதிரியே ஆக்குவது. உடைந்து வந்ததைச் சரி செய்வது. அந்தக் கிறுக்குப் பிடித்த நாலைந்து பேர் ஞாயிறு காலை படியேறி வந்துவிடுவார்கள்.

சென்னியப்பன் அதில் கடைசியாகச் சேர்ந்தவர்.

பம்பு செட் கம்பெனியில் காலமெல்லாம் தரப் பரிசோதனை பார்த்தவர் அவர். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதில் இருக்கும் குறைதான் முதலில் கண்ணில் படும். அந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

அவர் ஓய்வு பெற்றார். கண் ஓய்வு பெறவில்லை.

சாம்பாரில் உப்பு, மகள் வீட்டு டைல்ஸ், பக்கத்து வீட்டுக் கேட்டின் சாய்வு. எதுவும் தப்பவில்லை. மகள்தான் ஒருநாள் அவரைக் கையோடு கூட்டி வந்து இங்கே விட்டாள்.

“அப்பா, இங்க உட்கார்ந்து குறை கண்டுபிடிங்க. இதுங்க கோவிச்சுக்காது.”

பிலோமினா அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குத்தான் பதில். அதுவும் கொஞ்சமாக.

ஆரம்பத்தில் ஒருநாள் சென்னியப்பன் கேட்டார்: “பெயிண்ட் எப்ப காயும், மாஸ்டர்?”

“நீங்க தொடாம இருக்கறப்ப.”

இன்னொரு நாள்: “கண்ணாடியில கறை படாம ஒட்டறது எப்படி?”

“பசையைக் கம்மியா எடுங்க.”

“எவ்வளவு கம்மியா?”

“போதாதுன்னு தோணுற அளவுக்கு.”

சென்னியப்பன் கற்றுக்கொண்டார். கை படிந்தது. அவர் தேய்த்த காரில் முகம் பார்த்து மீசையைச் சரி செய்யலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். 

*

துளசிமணி வந்தது அதற்குப் பிறகுதான். ஒண்டிப்புதூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் பெண்மணி. ஒரு துணிப்பையிலிருந்து சிவப்புக் கார் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். முன்சக்கரம் ஒன்று தனியாக வந்தது.

“கீழ விழுந்துடுச்சுங்க. சக்கரம் மட்டும் மாட்டணும்.”

“சக்கரம் மட்டும்தானே?” என்று பிலோமினா கேட்டார்.

“ஆமாங்க.”

பிலோமினா மறுநாள் தங்கை கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போகவேண்டியிருந்தது. அறைச் சாவியையும் காரையும் சென்னியப்பனிடம் கொடுத்தார்.

“சக்கரத்தை மாட்டிடுங்க சார்.”

சக்கரம் மாட்ட, ஒரு காபி குடிக்கும் நேரம் ஆனது. உடைந்த அச்சில் சின்னக் கம்பி ஒன்றைச் செருகி ஒட்டினார். சுழற்றிப் பார்த்தார். ஓடியது.

பிறகு காரைப் பார்த்தார்.

பார்த்திருக்கக் கூடாது. பார்த்தபின் அவரால் கீழே வைக்க முடியவில்லை.

யாரோ ஒரு பையன் செய்த கார் என்று தெரிந்தது. பெயிண்டைப் பிரஷ்ஷால் அப்பியிருந்தான். இரண்டு விளக்கும் ஒன்றை ஒன்று பார்த்தன. கதவோரம் பசை வழிந்து அப்படியே உறைந்திருந்தது. டிக்கி மூடியின் நடுவில் ஒரு கட்டைவிரலின் தடம். பசை பட்டு இளகிய பிளாஸ்டிக்கில் அழுந்திப் பதிந்திருந்தது. ரேகைகூட வரிவரியாகத் தெரிந்தது.

சென்னியப்பனின் பழைய கண் விழித்துக்கொண்டது.

காரைப் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டார். பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். விளக்குகளை நேராக்கி மறுபடி ஒட்டினார். வழிந்த பசையைச் சீவினார். உப்புத்தாளை மாற்றி மாற்றி, கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வழுவழுத் தாள்வரை வந்தார். கண்ணாடி போல ஆனது. மேலே சிவப்பு அடித்தார். அதற்கு மேல் பளபளப்பு அடித்தார்.

அடுத்த வாரம், பிலோமினா ஊரிலிருந்து வருமுன், துளசிமணி வந்தபோது சென்னியப்பன் காரை ஒரு வெள்ளைத் துணி மேல் வைத்திருந்தார். துளசிமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துளசிமணி முதலில் காரைப் பார்க்கவே இல்லை. எடுத்ததும், பழக்கத்தில், கட்டைவிரலை டிக்கி மேல் வைத்தார்.

விரல் வழுக்கியது. மறுபடி வைத்தார்.

“இங்க ஒரு கட்டைவிரல் இருந்துச்சுங்களே?”

“அதைத் தேச்செடுக்கத்தான் ரொம்ப நேரமாச்சுங்க” என்றார் சென்னியப்பன். பெருமையாகவே சொன்னார்.

துளசிமணி உட்கார்ந்துவிட்டார்.

“அது என் தம்பியோடதுங்க.”

தம்பி பெயர் பூபதி. சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த பெட்டியை ஆறாவது படிக்கும்போது பிரித்துச் செய்தது அந்தக் கார். காலேஜ் சேர்ந்த வருஷம் பவானி ஆற்றில் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அம்மா ராமாத்தாளுக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. சாயங்காலம் காபி குடித்ததும் காரை மடியில் வைத்துக்கொள்வார். கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக்கொள்வார். இருட்டும்வரை அப்படியே இருப்பார். ஒன்றும் பேசமாட்டார்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது துளசிமணி அழுதுகொண்டிருந்தார். திட்டவில்லை. எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

*

சென்னியப்பன் சொன்னதைக் கேட்டு முடித்ததும் பிலோமினா காரை வாங்கி டிக்கியைத் தடவினார்.

“பள்ளத்தைப் புட்டி வெச்சு அடைச்சீங்களா, தேச்சீங்களா?”

“தேச்சேன்.”

“அடைச்சிருந்தா தோண்டி எடுத்திருக்கலாம்.”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். தேய்த்த தூசியைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டதும் அவர்தான்.

“மறுபடியும் பதிய வைக்க முடியாதா, மாஸ்டர்?”

“முடியும்.”

“சொல்லிக் குடுப்பீங்களா?”

“உட்காருங்க.”

பிலோமினா ஒரு டப்பா நிறைய உடைந்த பானெட்டுகளையும் கதவுகளையும் எடுத்து வந்தார். ஒன்றின் மேல் பிரஷ்ஷால் பசையைத் தடவினார்.

“இந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கொஞ்ச நேரத்துல மேல்பக்கம் வெண்ணெய் மாதிரி ஆயிடும். அப்ப விரலை வைக்கணும். அசைக்காம எடுக்கணும்.”

அவ்வளவுதான் பாடம்.

சென்னியப்பன் செய்து பார்த்தார். ஸ்பூனால் அழுத்தின மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. அதில் ஒரு கோடு இல்லை.

மறுபடி செய்தார். அதே பள்ளம்.

“பசை பழசாயிடுச்சு போல.”

பிலோமினா புதுப் பாட்டில் திறந்து கொடுத்தார்.

அதே பள்ளம்.

“இந்தப் பிளாஸ்டிக் சரியில்லை.”

பிலோமினா வேறு துண்டு கொடுத்தார்.

மதியம் ஆகிவிட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். சென்னியப்பன் எழவில்லை. மேஜை முழுக்கப் பள்ளம் விழுந்த துண்டுகள் கிடந்தன.

“எங்க தப்பு நடக்குதுன்னே தெரியல, மாஸ்டர். ஒரு தடவை பாருங்களேன்.”

பிலோமினா மேஜையோரம் இருந்த பெரிய பூதக்கண்ணாடியை இழுத்தார். விளக்கைப் போட்டார். கண்ணாடியைப் பிளாஸ்டிக்கின் மேல் வைக்கவில்லை. சென்னியப்பனின் கையைப் பிடித்துத் திருப்பி, அவர் கட்டைவிரலின் மேல் வைத்தார்.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார்.

ஆற்றுக் கூழாங்கல் மாதிரி இருந்தது விரல். ரேகை இல்லை. அவர் தேய்த்த ஒவ்வொரு காரோடும் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருந்தது.

போன மாதம் பென்ஷன் ஆபீசில் கைரேகை மிஷின் அவர் விரலை ஏற்கவில்லை. மிஷினில் கோளாறு என்று அங்கே சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தார். இப்போது ஞாபகம் வந்தது.



“பரவாயில்லை சார்” என்றார் பிலோமினா. “என் விரல்ல ரேகை இருக்கு.”

சொல்லிவிட்டு, சிவப்புக் காரைத் தன் பக்கம் இழுத்தார். பிரஷ்ஷைப் பசையில் தோய்த்தார். டிக்கிக்கு நேரே கொண்டுபோனார்.

“வேண்டாம்!”

சென்னியப்பன் காரைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“ஏன் சார்? அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதே.”

சென்னியப்பன் காரை விடவில்லை.

பிலோமினா பாட்டிலை மூடினார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

“அப்ப நான் என்னதான் செய்யறது?” என்று கேட்டார் சென்னியப்பன். குரல் தணிந்திருந்தது.

“சக்கரம் மாட்டிட்டீங்கல்ல?”

“மாட்டிட்டேன்.”

“அதைக் கொண்டுபோய்க் குடுங்க.”

*

மறுநாள் காலை அவர் ஒண்டிப்புதூருக்குப் பஸ் ஏறினார். காரை ஒரு செருப்புப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார்.

கதவைத் திறந்த துளசிமணி வாசலிலேயே வழியை மறித்து நின்றார்.

“அம்மாகிட்டச் சொல்லலீங்க” என்றார் மெதுவாக. “இன்னும் ரிப்பேர்லதான் இருக்குன்னு வெச்சிருக்கேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“யாரு கண்ணு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

துளசிமணி யோசிப்பதற்குள் சென்னியப்பன் சொல்லிவிட்டார்.

“காரு கொண்டாந்திருக்கேனுங்கம்மா.”

ராமாத்தாள் தரையில் பீரோவில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

சென்னியப்பன் காரை அந்தக் கைகளில் வைத்தார்.

கைகள் நடந்தன. பானெட். கண்ணாடி. கூரை. பிறகு பின்னால் இறங்கின. கட்டைவிரல் டிக்கிமேல் போய் வந்தது. மறுபடி போய் வந்தது.

“இது வேற காரு கண்ணு.”

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற துளசிமணி சென்னியப்பனைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

ஒரு வார்த்தை போதும். பழையது சரிசெய்ய முடியாமல் போச்சு, அதனால் புதுசு. வாக்கியம் அவர் மனசில் தயாராகவே வந்து நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை.

சென்னியப்பன் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது.

“இல்லீங்கம்மா. அதே காருதானுங்க.”

“அப்ப இங்க இருந்தது?”

“நான் தேச்சுட்டேனுங்க.”

“எதுக்கு?”



“குறைன்னு நெனச்சுட்டேனுங்க.”

அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. துளசிமணி போகவில்லை. மறுபடியும் விசிலடித்தது. அப்போதும் போகவில்லை.

“உங்க கையைக் குடுங்க” என்றார் ராமாத்தாள்.

கொடுத்தார். அந்தக் கிழ விரல்கள் அவர் கட்டைவிரலைத் தேடிப் பிடித்தன. நுனியைத் தடவிப் பார்த்தன.

“பாவமே. உங்களோடதும் போயிட்டாப்பல இருக்குதுங்களே.”

திட்டா, பரிகாசமா, சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. துடைக்க முடியவில்லை. கை ராமாத்தாளிடம் இருந்தது.

ராமாத்தாள் கையை விட்டுவிட்டுக் கேட்டார்:

“சக்கரம்?”

“மாட்டிட்டேனுங்க.”

“ஓடுமா?”

“ஓடுமுங்க.”

ராமாத்தாள் காரைத் தரையில் வைத்தார். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தடவிப் பார்த்துக்கொண்டார். தள்ளினார்.

கார் சிமெண்டுத் தரையில் விர்ரென்று ஓடிக் கதவு நிலையில் முட்டியது. முன்னால் பெயிண்ட் ஒரு சில்லு தெறித்தது. சென்னியப்பன் கண்ணுக்கு அது தப்பவில்லை. எங்கே விழுந்தது என்றுகூடத் தெரிந்தது.

அவர் தவழ்ந்து போய்க் காரை எடுத்தார். கையில் கொண்டுவரப் பார்த்தார்.

“தூக்கிட்டு வராதீங்க” என்றார் ராமாத்தாள். “அங்கிருந்து விடுங்க.”

சென்னியப்பன் கதவு நிலையோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காரைத் திருப்பி வைத்தார். தள்ளினார்.

கார் ஓடி வந்து ராமாத்தாளின் பாதத்தில் இடித்தது. ராமாத்தாள் சிரித்துவிட்டார். துளசிமணி திடுக்கிட்டுத் திரும்பினார்.

“அவன் இப்படித்தான் விடுவான்” என்றார் ராமாத்தாள். “நான் முறத்துல அரிசி பொடைச்சுட்டு இருப்பேன். வந்து முறத்துல முட்டும். இங்க ஒரு வேலை நடக்குதுல்லன்னு கத்துவேன். மறுபடியும் விடுவான்.”

காரைத் தள்ளினார். சென்னியப்பன் பிடித்துத் திருப்பி விட்டார்.

“வீடு பூராவும் அந்தப் பசை நாத்தம். சோத்துலயும் அதே நாத்தம். ஒருநாள் டிக்கியை ஒட்டிட்டு, கட்டைவிரலால அமுக்கிப் புடிச்சுட்டே உக்காந்திருக்கான். ஏன்டா சாப்பிட வரலைன்னு கேட்டேன். விட்டா பேந்துக்கும்மா, நீ ஊட்டி விடுன்னான்.”

கார் வந்தது. அவர் அதை விடாமல் கையில் பிடித்துக்கொண்டார்.

“ஆறாவது படிக்கற பையனுக்கு ஊட்டி விட்டேன். பருப்புச் சோறு. ஒரு தட்டு முழுசும்.”

“எனக்கு இது தெரியவே தெரியாதேம்மா” என்றார் துளசிமணி.

“நீ டியூசன் போயிருந்தே.”

காரை மறுபடி தள்ளினார்.

சென்னியப்பன் செருப்பு மாட்டிக் கிளம்பியபோது துளசிமணி கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

“பூபதி போனதுலயிருந்து அம்மா அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லீங்க” என்றார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

*

அடுத்த ஞாயிறு சென்னியப்பன் நடந்ததையெல்லாம் சொன்னார். பிலோமினா ஒரு வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்தம்மா மன்னிச்சாங்களா?”

“தெரியல, மாஸ்டர். நானும் கேக்கல.”

“காருல முன்னாடி பெயிண்ட் போச்சுன்னீங்களே. அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.”

“இருக்கட்டும்.”

பிலோமினா நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

மதியத்துக்குப் பிறகு, எல்லோரும் வேலையில் மும்முரமாக இருக்கும்போது, சென்னியப்பன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். எப்போதும் கடைசியில் போகிறவர் அவர்தான்.

“எங்க சார், அதுக்குள்ள?”

“ஒண்டிப்புதூர் வரைக்கும்.”

“அங்கதான் வேலை முடிஞ்சுடுச்சே.”

“முடிஞ்சுடுச்சு.”

செருப்பை மாட்டினார். படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அந்தம்மா விடற காரைத் திருப்பி விட எதிர்ல ஒரு ஆள் வேணுமாம், மாஸ்டர்.”